ஓர் இடைவெளியில் போன கலியாணம்

பக்கத்து வீட்டு மலர் ரீச்சரின் கணினியில் இன்று இடமில்லாமல் போய்விட்டது. அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தது நான்தான், அதனால் என்னைக் கூப்பிட்டார்.

“சேர், ‘கலியாணம் கழிவு’ எண்டு ஒரு கோப்புறை கிடக்கு. எல்லாம் மங்கல் படம். அத மட்டும் அழிங்க. ‘கலியாணம்’ கிடக்கட்டும், மகள்ட நல்ல படமெல்லாம் அதுலதான்.”

சுட்டியாலேயே அழித்திருக்கலாம். நான் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்டினேன். பெயருக்கு மேற்கோள் குறி போட மறந்துவிட்டேன்.

வகுப்பில் ‘ராஜ்குமார்’ என்று நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டால் ராஜும் எழும்புவான், குமாரும் எழும்புவான். கணினியும் இடைவெளியைக் கண்டு இரண்டு பெயராக எடுத்துக்கொண்டது. ‘கலியாணம்’ முழுவதையும் அழித்தது. பிறகு, ‘கழிவு’ என்று ஒன்றும் இல்லை என்றது.

“என்ன சேர், அழிஞ்சிற்றா?”

நடந்ததைச் சொன்னேன். வேறு பிரதியும் இல்லையாம்.

ரீச்சர் திரையை அணைத்துவிட்டு எழும்பினார். “மகளுக்கு இப்ப சொல்ல வேணாம் சேர். தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மலர் ரீச்சர் மகளின் மண்டூர்க் கலியாணத்துக்கு வந்தவர்களே, கைபேசியில் படம் இருந்தால் ரீச்சருக்கு அனுப்புங்கள். மங்கல் படங்கள் வேண்டாம். அவை மட்டும் பத்திரமாக இருக்கின்றன.