ஒரு சிட்டிகை சென்னாகூனி

கப்பலுக்குச் சமைக்கப் போகும் தம்பிகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ராயபுரத்துக்காரன். ஒரு சொகுசுக் கப்பலில் குக்காக இருந்தேன். டிவியில் வரும் பிரபல செஃப் ஒருவருடைய மெனுதான் அங்கே. அதில் ஒரு கிராம்கூட மாற்றக் கூடாது.

அவருடைய காய்கறி சூப் எனக்குச் சப்பென்று இருந்தது. திமிர்தான், வேறென்ன? வீட்டில் கொடுத்தனுப்பிய சென்னாகூனிப் பொடியை, அதாவது காய்ந்த குட்டி இறால் பொடியை, ஒரு சிட்டிகை தூவிவிட்டேன்.

இறால் ஒத்துக்கொள்ளாத ஒரு அம்மா, விசாரித்து, நம்பி வாங்கியது அந்த சூப்பைத்தான். கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி மூச்சு அடைத்துக்கொண்டது. கப்பல் டாக்டர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். நானே போய் ஒப்புக்கொண்டேன். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அப்புறம் எந்தக் கப்பலிலும் என்னை எடுக்கவில்லை.

இப்போது எண்ணூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறேன். கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த அளவை அப்படியே போடுகிறேன்.

"இன்னா நைனா, கொயம்பு தண்ணியாட்டம் கீது?" என்று தினமும் கேட்கிறார்கள்.

"அவ்ளோதான் மாமு, துன்னு" என்பேன்.

என்ன குறைகிறது என்று தெரிந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. அதனால் ருசி பார்ப்பதையே விட்டுவிட்டேன்.