நேராக நிற்கும் இரண்டு கோடுகள்

அப்பாவுக்கு ஞாயிறு காலையில்தான் சவரம். ஹௌராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு பொதுக்குழாய். அதன் திட்டில் உட்கார்ந்து, குளிக்கிற சோப்பையே குழைத்துப் பூசிக்கொண்டு, கண்ணாடி பார்க்காமல் வழிப்பார். பிளேடு மழுங்கினால் தூக்கிப் போட மாட்டார். கண்ணாடித் தம்ளரின் உள்பக்கத்தை நனைத்து, அதில் பிளேடை ஒற்றை விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்ப்பார். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டாலே நான் உள்ளே போய்விடுவேன். கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்தத் தம்ளரில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

அப்பா ரயில்வே யார்டில் கலாசி, பளு தூக்குகிற கடைநிலைத் தொழிலாளி. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, காளிகாட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் பிரிவுத் தலைவரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். பழைய ரேசர்கள் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். ஒரு சனிக்கிழமை லேக் கார்டன்ஸில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், அலமாரியைத் திறந்து காட்டினார். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு போடுகிற ரேசர்கள், வரிசை வரிசையாக. கைப்பிடியின் அடியில் உள்ள திருகைத் திருப்பினால், சிலவற்றின் தலை இரண்டு கதவுகளாகத் திறந்துகொள்ளும்.

"பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. குப்புறப் போட்டுப் பார்" என்றார் வங்காள மொழியில். தலையின் அடிப்பக்கம் பொடியாக ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். எழுத்து வருடத்துக்கு, எண் அந்த வருடத்தின் எந்தக் காலாண்டு என்பதற்கு.

நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த எழுத்துப் பட்டியல் முழுவதையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அடுத்த முறை அவர் எடுத்துக் காட்டியதற்கெல்லாம் டக்டக்கென்று வருடம் சொன்னேன். "ஆரே பாபா!" என்று முதுகில் தட்டினார். அந்த வீட்டு சோபாவில் அதற்குப் பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்பாவின் ரேசரும் கதவு திறக்கிற ரகம். ஹௌரா நடைபாதையில் பழைய சாமான்களுக்கு நடுவே வாங்கியது. ஒருநாள் அவர் டியூட்டிக்குப் போனதும் சோப்புக் காறையைச் சுரண்டிப் பார்த்தேன். தாதாவிடம் இல்லாத வருடம்.

மறுநாள் அதை அவர் மேஜையில் வைத்தேன். யாருடையது என்று கேட்டார். அப்பாவுடையது என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார்.

"ரயில்வேயில்... ஆபீசர்."

வாயில் வந்துவிட்டது. திருத்தவும் இல்லை. தாதா அதை வைத்துக்கொண்டு, அதே ரகத்தில் பளபளப்பான வேறொன்றைத் தந்தார். அப்பா எழுத்துத் தெரியாத மனிதர், அடியில் எந்த எழுத்து இருந்தால் அவருக்கு என்ன என்று நினைத்தேன். நான் நினைத்தது இதுதான். மாற்றி எழுத வழியில்லை.

காளிகாட்டில் ஒரு கடையில் பாலிஷ் போட்டு வாங்கி வந்தேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்து, "புதுப் பொண்ணாட்டம் இருக்குது" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியிலிருந்து தாடையில் ரத்தம் ஒழுக வந்தார்.

"இன்னாங்க, யாரு கூட சண்டை?" என்றாள் அம்மா.

அப்பா ரேசரின் திருகை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது நம்முளுது இல்லடா. நம்முளுதுல திருவுல ஒரு கோடு, புடியில ஒரு கோடு. நான் அரத்துல போட்டது. ரெண்டும் நேரா நின்னா பிளேடு கெட்டியா நிக்கும். விரல வெச்சாலே தெரியும். இதுல கோடே இல்ல."

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

"மாத்திக் குடுத்துட்டான்டா கடைக்காரன். படிச்ச புள்ளையவே ஏமாத்திருக்கான் பாரு. சட்டைய போடு, நானும் வரேன். நாலு வார்த்தை கேக்குறேன்."

அம்மா காப்பித்தூளை அப்பியும் அவர் தாடையில் ரத்தம் நிற்கவில்லை. அதோடு செருப்பைத் தேடினார். "நீ வேணாம்ப்பா, நானே போறேன்" என்று சொல்லிப் புறப்பட்டேன்.

தாதாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று லேக் கார்டன்ஸ் வரைக்கும் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். அவர் சொல்லவே விடவில்லை. "அப்பா கேட்கிறாரா? கேட்கத்தான் செய்வார். ஆபீசர் வீட்டுப் பொருள். அவருக்கு என் நமஸ்காரம் சொல்" என்று ஒரு சின்ன அட்டைப்பெட்டியை உள்ளேயிருந்து எடுத்து வந்து தந்தார். அவர் தந்த ரேசரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பெட்டியை அப்பாதான் திறந்தார். கட்டைவிரலால் கோட்டைத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டான்யா! நல்லா கேட்டியா அவன?"

"கேட்டேன்."

ரேசருக்கு அடியில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. நான் பார்த்திருக்கவில்லை. அப்பா அதைப் பிரித்து என்னிடம் நீட்டினார். "இன்னாடா எழுதிருக்கான்?"

தாதா தன் அலமாரிக்காக எழுதிவைத்த சீட்டு, அச்சுப்போன்ற ஆங்கிலக் கையெழுத்தில். சாந்த்ராகாச்சி ரயில்வே அதிகாரி ஒருவருடையது, மகன் தந்தது என்று இருந்தது.

"எந்த வருஷத்து ரேசர்னு எழுதியிருக்குப்பா."

"அட, வெவரமானவன்தான்" என்று அப்பா சீட்டை என் கையிலிருந்து வாங்கி, பழையபடி மடித்து, பிளேடு வைக்கிற தகர டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு குழாயடிக்கு யார் வந்தாலும் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். "எந்த வருஷத்துதுன்னு எழுதிருக்குது. நம்ம புள்ள படிச்சுச் சொன்னான்." பெரும்பாலும் யார்டு ஆட்கள்; வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பின்வரிசையில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த புக்கிங் கிளார்க் ஒருவர் குடிவந்திருந்தார். தம்ளரில் பிளேடு தேய்க்கும் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிற நான், ஞாயிறுதோறும் அந்தச் சத்தம் தொடங்கியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன்.