கரவனுக்குப் பின்னால் ஒரு கொளுக்கி

"தம்பி, அண்ணை எழும்புறார் இல்லை. உடம்பு குளிர்ந்துபோய்க் கிடக்குது. நான் எப்பிடி எழும்புறது?"

கடந்த வெள்ளிக்கிழமை காலை பிலோமினா அக்கா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். அந்தக் கேள்வி எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அவரை நாள்தோறும் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கரக் கதிரையில் இருத்துபவர் அவருடைய கணவர் சூசை அண்ணைதான். அந்த மனிதர் பக்கத்தில் இறந்து கிடக்கிறார். தூக்கிவிட ஆளில்லாமல் அக்கா அவருக்கு அருகிலேயே படுத்துக் கிடக்கிறார்.

பலெர்மோவின் பலாறோ சந்தையில் கடை விரிக்கும் நேரம் அது. மீன் பெட்டிகளுக்கு நடுவே ஓடினேன். யாரையோ இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமலே ஓடினேன். அவர்களுடைய ஒழுங்கைக்கு நான் போய்ச் சேரும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத் திறந்திருந்தார். அண்ணை ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, நித்திரை கொள்பவர் போலத்தான் கிடந்தார். மாரடைப்பு என்றார் மருத்துவர். முதல் நாள் மாலை நான் வேலை செய்யும் பட்டறையில், காரில் பூட்டி இழுக்கும் வீட்டுவண்டியான கரவனுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கடைசி நட்டை முறுக்கிவிட்டு, "முடிஞ்சுது தம்பி, சனிக்கிழமை வெளிக்கிடுறம்" என்று சொன்ன மனிதர். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்மீது எனக்குக் கோபமாகவும் இருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூசை அண்ணை மன்னாரில் பிறந்தவர். தீவு நகரமான பலெர்மோவுக்கு வந்த நாள் முதல் லிபெர்த்தாப் பகுதி வீடுகளில் முதியவர்களைப் பராமரித்தவர். அதே நகரின் பிரான்காச்சோப் பகுதியில் கேற்றும் யன்னல் கம்பியும் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்பவன் நான். எங்கள் அறிமுகம் பேருந்தில் நடந்தது. யாரோ என் காலை மிதிக்க, நான் தமிழில் திட்டினேன். முன் இருக்கையிலிருந்த பெருத்த மனிதர் திரும்பிப் பார்த்து, "நல்லாத் திட்டுறீர் தம்பி, ஊர் எங்கை?" என்று கேட்டார். அந்த வாரமே அவர் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டேன். 'நீர்' போய் 'நீ' வந்ததும் அன்றைக்குத்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், அனுஷா. மணமுடித்துத் தொலைவில், வடக்கே போலோஞ்ஞா நகரில் இருக்கிறார். போன வருடம் மகளைப் பார்க்க விமானத்தில் போனபோது அக்காவின் மோட்டார்க் கதிரை உடைந்து வந்தது. போன இடத்தில் அக்கா கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை. இனிமேல் கதிரையை யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன் என்று அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டார். இந்த வருடம், நீண்ட காலம் காத்திருந்த பிறகு, அனுஷா கருவுற்றார். மருத்துவர்களோ அவரைக் கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று படுக்க வைத்துவிட்டார்கள். "பிள்ளை பிறக்க முதல் அம்மாவைக் கொண்டுவந்து விடுவன்" என்று அண்ணை மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

அண்ணை வேலை செய்த வீட்டுக்கார அம்மாவான சின்யோரா, சும்மா கிடந்த பழைய கரவன் ஒன்றைக் கொடுத்தார். வழியில் அக்கா படுத்துக்கொள்ளக் கட்டில் இருந்தது. கதிரைதான் சிக்கல். கரவன் வாசலுக்குள்ளும் அது நுழையாது, கார் டிக்கிக்குள்ளும் அடங்காது. அதனால் கரவனுக்குப் பின்னால் ஒரு கொளுக்கி போட்டு, அதில் ஒரு தட்டுப் பூட்டிக் கதிரையை ஏற்றுவதென்று அண்ணை முடிவெடுத்தார். என்னிடம் சொல்லாமல் பின் பம்பரில் துளை போட்டுத் தானே பூட்டியும் விட்டார். பட்டறைக்குக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினார். நான் காலால் ஒரு உதை உதைத்தேன். தகரத்தோடு கழன்று விழுந்தது.

"அக்காவின்ர கதிரையை ரோட்டில விதைக்கப் போறியளோ?" என்று கத்தினேன்.

"பிழைதான். உன்னட்டை முதலே கேட்டிருக்கலாம்," என்றார். "கேட்டா ஏசுவாய் எண்டு பயந்தனான்."

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய வந்துவிடுவார். கரவனின் அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. பாரத்தைத் தாங்குவது அவைதான், பம்பர் அல்ல. துருப்பிடித்த கறளைச் சுரண்டி, இரண்டுக்கும் குறுக்கே கனத்த இரும்பொன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, நடுவில் வாய் திறந்த சதுரக் குழாயைக் கொளுக்கியாகப் பொருத்தினோம். தட்டின் தண்டு அந்தக் குழாய்க்குள் போகும், குறுக்கே ஒரு இரும்பு முளை அதைக் கழராமல் பூட்டும். வேலை முழுக்க அண்ணை சுருதியில்லாமல் தேவாலயப் பாட்டுப் படித்தார். வாயை மூடச் சொன்னால் சத்தத்தைக் கூட்டினார். தட்டைப் பூட்டியதும் தானே அதன்மேல் ஏறி நின்று குதித்தார். "என்னைத் தாங்கினா என்ர மனுசியின்ர கதிரையையும் தாங்கும்!"

கதிரையை ஏற்றி வெள்ளோட்டம் போனோம். பெருந்தெருவில் வேகம் எடுத்ததும் கரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. காரையும் சேர்த்து இழுத்தது. அண்ணை பிரேக்கை அழுத்தாமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார். "தம்பி, செத்தம் எண்டு நினைச்சன்," என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

நான் கரவனின் பின் அலுமாரியைத் திறந்தேன். அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், அவற்றுக்கு அடியில் சாக்கு சுற்றிய ஒரு அம்மி.

"இதென்ன அண்ணை?"

"அனுஷாவுக்குப் பிள்ளைப்பெத்த சரக்கு அரைக்க வேண்டாமோ? மிக்சியில அந்தப் பதம் வராது."

"சில்லு அச்சுக்குப் பின்னால கதிரையும் ஏத்தி, கல்லும் ஏத்தினா முன்பக்கம் தூக்கும். வாலாட்டாமல் என்ன செய்யும்?"

"அப்ப முன்னுக்கு வைப்பம்."

அம்மியை விட்டுவிட்டுப் போகலாம் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை. அரிசியையும் அம்மியையும் அச்சுக்கு முன்னால் மாற்றினோம். கரவன் ஒழுங்காக ஓடியது. வாகனச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி ஒப்புதலும் வாங்கினோம். வியாழன் மாலை எல்லா நட்டுகளையும் கடைசியாக ஒருமுறை இறுக்கினோம். வெள்ளி காலை அவர் இல்லை.

திங்களன்று நல்லடக்கம் நடந்தது. அனுஷா போலோஞ்ஞாவில் கட்டிலில் படுத்தபடி தொலைபேசித் திரையில் தகப்பனைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பியதும் எங்கள் சனத்தில் ஒரு பெரியவர், "முப்பத்தொண்டாம் நாள் பூசை முடியாமல் நீ வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது பிள்ளை" என்று அக்காவிடம் சொன்னார். அதற்குள் குழந்தை பிறந்துவிடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பிலோமினா அக்கா கண்ணைத் துடைத்தார். "முப்பத்தொண்டை அங்கை செய்வம். பூசை எல்லா இடத்திலயும் ஒண்டுதான். என்ர பிள்ளை அங்கை தகப்பனும் இல்லாமல், தாயும் இல்லாமல் கிடக்கிறாள்."

"ஆர் ஓட்டுறது?" என்று கேட்டார் பெரியவர்.

"நான்," என்றேன்.

செவ்வாய் காலை புறப்பட்டோம். அக்காவைத் தூக்க என் மனைவியும் வந்தார். தீவிலிருந்து கரை கடக்க மெசினாவில் கப்பலுக்குக் காத்து நின்றபோதும், அதன் பிறகு நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும், இறங்கிப் பின்னால் போய் முளையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அண்ணை இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது.

நேற்று மாலை போலோஞ்ஞா வந்து சேர்ந்தோம். கதிரையை இறக்கி அக்காவை இருத்தினோம். மோட்டார்க் கதிரைதான், ஆனாலும் புது வாசற்படி என்பதால் நான் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். அறைக்குள் அனுஷா தலையணையில் சாய்ந்திருந்தார். "அம்மா" என்று கையை நீட்டினார். நீட்டிய கையோடு தாயைத் தாண்டிக் கதிரைக்குப் பின்னால் பார்த்தார். அது அவருடைய தகப்பன் நிற்கும் இடம். அங்கே நான் நின்றேன். அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

சூசை அண்ணை, அக்கா மகளிடம் வந்து சேர்ந்துவிட்டார். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.