கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் உள்ள கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியை. வளாகத்திலேயே ஒரு குழந்தைகள் மையம் உண்டு. மழலையர் கல்வி படிக்கும் மாணவிகள் அங்கே பயிற்சி எடுப்பார்கள். எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். மூன்று வயது நடக்கும்போது என் மகளையும் அங்கே சேர்த்தேன்.

விளையாட்டு அறையை ஒட்டி ஓர் இருட்டறை. நடுச்சுவரில் பெரிய கண்ணாடி. பிள்ளைகளுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி; இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜன்னல். மாணவிகள் அங்கிருந்துதான் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். காலையில் என் மகள் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். பொறுப்பாசிரியை அவளைத் தூக்கிக்கொண்டு, "செத்த நேரம் அழுவா, பொறவு சரியாயிருவா. நீங்க போங்க மேடம்," என்பார். தினமும் இதே வசனம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போவதுபோல் போய் இருட்டறைக்குள் நுழைந்து, அவள் அழுது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து போனால் மகளைக் காணவில்லை. "இங்கனதான் மேடம் வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு," என்று ஆயா கையைப் பிசைந்தாள். பாத்திரம் கழுவப் போகும் பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் தென்னந்தோப்பு. தோப்புக்குள் சுற்றுச்சுவர் இடிந்த கிணறு. மாணவிகள் தோப்புக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அவள் இல்லை என்று தெரிந்த அறையிலேயே, மேசைக்கு அடியிலும் பாய்ச் சுருளுக்குள்ளும் பைத்தியக்காரிபோல் தேடினேன். தோப்பிலிருந்து யாராவது கத்திவிடுவார்களோ என்று காது மட்டும் அங்கேயே கிடந்தது. கடைசியில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அப்போது கண்ணாடியை யாரோ அந்தப் பக்கமிருந்து தட்டினார்கள். சின்னக் கை தட்டுகிற சத்தம்.

இருட்டறைக்கு ஓடினேன். சாப்பிடப் போன மாணவி கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கதவு வழியே நான் வெளியே வந்ததை மகள் என்றைக்கோ பார்த்திருக்க வேண்டும். அம்மா உள்ளேதான் இருப்பாள் என்று தேடிப் போனவள், நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஏறி நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாரியெடுத்து இறுக்கிக்கொண்டேன். என் அழுகை நிற்கவில்லை. அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்:

"செத்த நேரம் அழுவம்மா. பொறவு சரியாயிருவ."