எங்கள் வீட்டுக்கு ஒரு டெரியர்

நாமக்கல்லில் நான் வேலைக்குப் போய்வரத் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவிடம் ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற குட்டை இன நாய் ஒன்று இருந்தது. பெட்டை. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. அவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்க வெளிநாடு கிளம்பியபோது அதை எடுத்துக்கொள்ள ஆளில்லை. அவருடைய உறவினர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். குட்டி போட வைத்து விற்கும் ஒருவர் மட்டும் கேட்டிருந்தார். அவருடைய இடத்தை நான் பார்த்திருக்கிறேன். தகரக் கொட்டகைக்குள் வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டை நாய்.

“உங்க மலையில காடு தோட்டம்னு கெடக்குதல்ல கண்ணு, நீ கொண்டுபோயேன்” என்றார் வீட்டுக்காரம்மா.

நான் போகவிருந்த ஹாஸ்டலில் நாய் வைக்க முடியாது. கொல்லிமலையில் எங்கள் வீடுதான் மிச்சம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். மாத்திரை அட்டையிலிருந்து பட்டா வரை நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இந்த இனத்தைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓயாமல் ஓட வேண்டும், மண்ணைத் தோண்டும், எலியைக் கண்டால் விடாது. எலி குடைந்துபோடும் எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டுக்கென்றே எழுதியது போலிருந்தது. கோழியையும் விடாது, நாள்கணக்கில் கூடவே இருந்து பழக்க வேண்டும் என்றும் இருந்தது.

ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று, சனிக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக் கூட்டிப்போனேன்.

“இதென்ன கண்ணு, நாயிக்கு இன்னும் காலே மொளைக்கலயா?” என்றாள் அம்மா.

“பெருச்சாளி வந்து தூக்கிட்டுப் போயிரும், பாத்து வெச்சுக்க” என்றார் அப்பா.

அன்று சாயங்காலமே நாய் வரப்பைத் தோண்டி ஒரு பெருச்சாளியை இழுத்துப் போட்டது. அப்பா செத்த பெருச்சாளியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் காட்டப் போனார். “எம்புள்ள கொண்டாந்த நாயிங்க. ஒசரம் இல்லாட்டி என்னங்க, வேலக்காரி!” அம்மா நாய்க்கென்று ஒரு தட்டு ஒதுக்கினாள்.

எங்கள் வாசலில் கருப்பனார் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று திரிந்துகொண்டிருந்தது. எனக்கு வேலை கிடைத்ததற்காக அம்மா விட்டது. அப்படி விட்ட சேவலை நோம்பித் திருவிழாவில் சாமிக்கு அறுக்கும்வரை கட்டக் கூடாது, கூடையில் கவிழ்க்கக் கூடாது. காயப்போட்ட ராகியைக் கொத்தினாலும் எங்கள் ஊரில் யாரும் விரட்டமாட்டார்கள். அது வந்தால் ஊர் நாய்களே எழுந்து ஒதுங்கிப் படுக்கும்.

நாயைக் கட்டிப்போட்டு, அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஞாயிறு காலை செம்மேட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது சேவல் வாசலில் சாய்ந்து கிடந்தது. உயிர் இருந்தது, ஒரு இறக்கை தரையில் இழுபட்டது. நாய் வாயில் இறகோடு என்னைப் பார்த்து வாலாட்டியது.

“சேவ ஒசரம்கூட இல்லியே, இது என்ன பண்ணீரும்னு அவுத்து உட்டேன்” என்றார் அப்பா.

ஊனமானது சாமிக்கு ஆகாது. “வேற சேவ விட்டுக்கலாம்மா. நோம்பி வரைக்கும் வலை கட்டி உள்ள வெச்சுக்கலாம்” என்றேன்.

“சாமிக்கு விட்டத அடைச்சு வெக்கறதா? என்ன பேச்சு பேசற நீ?”

“அப்ப நாயக் கட்டி வெக்கலாம்.”

கட்டினோம். பலா மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கயிறு கழுத்தை இறுக்கியதும் நின்று கத்தியது. பிரித்துவிட்டால் மறுபடியும் அதே சுற்று. வைத்த சோற்றைத் தொடவில்லை. அப்பா அந்தக் கத்தலைக் கேட்க முடியாமல் காட்டுப்பக்கம் போய்விட்டார். பொழுது இறங்கும்வரை நான் கயிற்றைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். நாளையிலிருந்து யார் பிரிப்பார்கள்? விடிந்தால் இருவரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

“இருக்கட்டும்னுதான் எனக்கும் ஆச” என்றாள் அம்மா. “ஆனா கண்ணு, நம்ம சேவ இல்லாட்டி பக்கத்து ஊட்டுச் சேவ. எத்தன ஊட்டுக்குப் போயி நானு பதில் சொல்லுவேன்?”

திங்கட்கிழமை நாயோடு என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“ஒத்து வரலியா கண்ணு?”

“இல்லீங்கம்மா.”

அவர் போனை எடுத்தார்.

மதியம் அந்தக் குட்டி விற்கும் ஆள் வேனில் வந்தார். நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். “இன்னும் மூணு நாலு ஈத்து குட்டி போடுமுங்க” என்று என்னிடம் கை நீட்டினார். கயிற்றைக் கொடுத்தேன். உலாத்தக் கூட்டிப்போகிறார் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. வழக்கம்போல முன்னால் பாய்ந்து, அவரை வேன் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.