உனக்கு இப்ப என்ன மணி

என் அக்கா உல்மெகென் கொரியாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவள் வீட்டுக்காரர் ஜுமாகானுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. என் மளிகைக் கடை இரண்டு வீடு தள்ளித்தான். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு ஒரு சட்டி லக்மான் நூடுல்ஸோடு போவேன். எங்கள் பக்கம் அக்கா புருஷனை ஜெஸ்தே என்று கூப்பிடுவோம். ஜெஸ்தேயை வாரிவிடுவது கொழுந்தியாளின் பிறப்புரிமை. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

ஜுமாகான் வெல்டர். எங்கள் ஊர் கிசில்புலாக்கில் அவர் கை படாத வாயிற்கதவும் கிடையாது, கணப்பு அடுப்பும் கிடையாது. இரும்பு அவர் சொன்னபடி கேட்கும். மனுஷர்களிடம்தான் வாய் வராது. பெண் கேட்டு வந்த அன்றுகூட எங்கள் அப்பாவிடம் எங்கள் வீட்டு வேலிக் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர். மறுநாள் அவர் அம்மா வந்துதான் விஷயத்தைச் சொன்னாள்.

மகள் அல்மாத்தி நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். அவள் படிப்புக்காகத்தான் அக்கா கொரியாவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நிற்கிறாள். தனியாக உட்கார்ந்து என்ன செய்வார் இந்த மனுஷன் என்று யோசித்து, அவள் அங்கே யாரிடமோ பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கினாள். அதைத் தாங்கித் தானாகவே திருப்பும் மோட்டார் பீடத்தையும் சேர்த்து, ஊர் திரும்பும் பெண்களின் பெட்டிகளில் துண்டு துண்டாகக் கொடுத்தனுப்பினாள். கடைசித் துண்டு வந்த அன்று அவர் சாப்பிடவே இல்லை.

கொல்லையில் கிணற்றுக் குழாயை நட்டு, உள்ளே சிமெண்ட் ஊற்றி, மேலே தகடு பற்றவைத்து அதன்மேல் பீடத்தை முடுக்கினார். அதன் அச்சை வடக்கு நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டுமாம். அந்த நட்சத்திரத்தை நாங்கள் இரும்பு முளை என்போம். வெல்டருக்குத் தோதான நட்சத்திரம்தான் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்காமல் அச்சை இன்னும் ஒரு நூல் நகர்த்தினார்.

பீடத்தோடு ஒரு ரிமோட் உண்டு. முதல் தடவை அது துருவித் துருவிக் கேட்கும். ஊர் எங்கே, நேர மண்டலம் எத்தனை, கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவீர்களா, இப்படி. எல்லாம் சொல்லி, இரண்டு மூன்று நட்சத்திரங்களையும் அடையாளம் காட்டிவிட்டால் வானம் முழுவதும் அதற்கு மனப்பாடம். வேலை முடிந்ததும் அணைக்காமல் தூங்கவைக்க வேண்டும். மறுநாள் எழுப்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கும்: மணி என்ன. சரியாகச் சொன்னால், கேட்ட பொருளைக் கண்ணாடிக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். ஜுமாகான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தட்டுவார். அக்கா வீடியோவில் வருவாள். சனிக்கிரகத்தைக் காட்டுவார், நிலவின் பள்ளங்களைக் காட்டுவார். "தெரியுதா?" என்பார். "தெரியுது" என்பாள். அவ்வளவுதான் அவர்கள் காதல்.

அப்புறம்தான் அரசாங்கம் கடிகாரத்தில் கை வைத்தது. நாடு முழுக்க ஒரே மணி என்று சொல்லி, கிழக்கே இருக்கிற எங்களை ஒரு மணி நேரம் பின்னால் இழுத்தார்கள். ஆறாவது மண்டலத்தில் இருந்தவர்கள் ஐந்தாவதுக்கு வந்தோம். சாயங்காலம் மாடு திரும்புவதற்குள் இருட்டியது. ஊரே திட்டித் தீர்த்தது. யார் எதற்குக் கூப்பிட்டாலும் "பழைய மணியா, புது மணியா?" என்று கேட்டுக்கொண்டோம். ஒரு கல்யாணத்தில் பழைய மணிக்காரர்கள் முன்னாடியே போய் பெஷ்பர்மக் கறிச் சாப்பாட்டை வழித்துவிட்டார்கள். புது மணிக்காரர்களுக்கு எலும்புதான் மிஞ்சியது. கொஞ்சநாளில் எல்லோரும் வழிக்கு வந்தோம். ஜுமாகான் மட்டும் வரவில்லை. சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், பீடம், மூன்றிலும் பழைய மணி. கைபேசி மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் தானாக மாறிக்கொண்டது.

அக்கா புது மணிக்கு ஏழு அடித்தால் கூப்பிடுவாள். இவர் பழைய மணி ஏழுக்கே தேநீரை ஊற்றிக்கொண்டு கைபேசி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தேநீர் ஆறி ஆடை கட்டும். நான் எத்தனையோ தடவை கத்திப் பார்த்தேன். பிடிவாதம், வேறென்ன என்று விட்டுவிட்டேன்.

அந்த அக்டோபரில் மேற்கே ஒரு வால்நட்சத்திரம் வந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கல், போதாததற்கு ஊர் முழுக்கக் கரியடுப்புப் புகை. பொழுது சாய்ந்ததும் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மலைக்குப் பின்னால் போய்விடும். அக்காவின் ஒப்பந்தம் முடிகிற மாதமும் அதுதான். இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். போடாதே, வந்துவிடு என்று சொல்ல ஜுமாகானுக்கு நாக்கு எழவில்லை.

"நீங்க சொல்லாம அவளுக்கு எப்படி ஜெஸ்தே தெரியும்?" என்றேன்.

"வால்நட்சத்திரத்தக் காட்டப்போறேன், பால்டிஸ்" என்றார். கொழுந்தியாளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"காட்டினா?"

"இங்க இருந்து பாத்தா இன்னும் நல்லா இருக்கும்னு சொல்லுவேன்."

மூன்று நாள் ஒத்திகை பார்த்தாராம் அந்த ஒரு வாக்கியத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று அக்காவுக்கு இரவு ஷிப்டு. இடைவேளையில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஜுமாகான் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, மடிக்கணினியை முட்டைப் பெட்டிமேல் வைத்தார். கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பீடத்தை எழுப்பினார், மணியைத் தட்டினார், வால்நட்சத்திரம் இருக்கும் இடத்தை இலக்கமாகத் தட்டினார். மோட்டார் உறுமிக்கொண்டு திரும்பி நின்றது. அதே நேரத்தில் அக்காவும் கைபேசியில் வந்தாள், தலையில் வலைத் தொப்பியோடு.

"எங்க, காட்டுங்க பாக்கலாம்."

திரையில் நாலைந்து நட்சத்திரப் புள்ளிகள். வேறொன்றும் இல்லை. படத்தை நீளமாக எடுத்துப் பார்த்தார். அதே புள்ளிகள். அம்பு விசைகளை அழுத்தி அங்கேயும் இங்கேயும் தேடினார்.

"ஒண்ணும் தெரியலையேங்க" என்றாள் அக்கா. "பரவால்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இரு, வச்சிடாத" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரிமோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். "மண்டலம் ஆறுன்னு இருக்கு. மணி எதப் பாத்துப் போட்டீங்க?"

அவர் கைபேசியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அவளுக்காகக் காத்திருந்த அவசரத்தில் கைபேசியில் இருந்த புது மணியைத் தட்டியிருக்கிறார். பழைய மண்டலம், புது மணி. இரண்டும் ஒட்டவில்லை. அந்த வால்நட்சத்திரம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கே, மலைக்கு மேலே வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது தொலைநோக்கி.

"ஊரே மாத்திருச்சு, உங்களுக்கு மட்டும் என்ன கேடு? இந்தப் பழைய மணியக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டீங்க?" என்று கத்தினேன். "அக்கா, உனக்குத் தெரியாது. நீ கூப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தினமும் வந்து உக்காந்துக்கறாரு. கிறுக்கு மாதிரி."

ஜுமாகான் என்னைப் பார்த்துப் பேசவில்லை. பீடத்தைப் பார்த்துத்தான் பேசினார். "அவ போனப்போ எனக்கும் அவளுக்கும் நடுவுல மூணு மணி நேரம்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் நான் சரின்னேன். அதை நாலாக்கிட்டாங்க. என்னைக் கேட்டா ஆக்குனாங்க? நான் ஒத்துக்கல."

இருபது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்கா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேங்க" என்றாள். "புள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. இன்னைக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

இந்த ஜோடிக்கு ஆளுக்கு அரை வாய் இருந்திருந்தால்கூட எப்போதோ பேசி முடித்திருப்பார்கள். ஜுமாகான் தலையை மட்டும் ஆட்டினார். மேற்கே வால்நட்சத்திரம் மலைக்குப் பின்னால் போக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து மறுபடி தட்டிவிட்டால் தீர்ந்தது என்று நான் ரிமோட்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் கைபேசியிடம் கேட்டார்.

"உனக்கு இப்ப என்ன மணி?"

"எனக்கா? பத்து அம்பத்தி மூணு. எதுக்கு?"

அவர் மண்டலத்தை மாற்றினார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. கொரியாவின் மண்டலமான ஒன்பதில் நிறுத்தி, அவள் சொன்ன மணியையும் வால்நட்சத்திரத்தின் இடத்தையும் மறுபடி தட்டினார். பீடத்துக்கு அதுவும் சரிதான். மண்டலமும் மணியும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் போதும், யாருடைய மணி என்று அது கேட்பதில்லை. மோட்டார் உறுமியது. தொலைநோக்கி மெல்ல மேற்கே தாழ்ந்து மலை விளிம்புக்குச் சற்று மேலே நின்றது. திரையில் ஒரு மங்கல் உருண்டை, அதிலிருந்து சாய்வாக மேலே போகும் ஒரு புகைக்கோடு.

"தெரியுதா?" என்றார்.

அங்கே மணி அடித்தது. இடைவேளை முடிந்துவிட்டது. "தெரியுது" என்றாள் அக்கா. "தெரியுதுங்க." ஒத்திகை பார்த்த வாக்கியத்தை அவர் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் புது மணிக்கு மாற்றிவிட்டார். பீடம் மட்டும் ஒன்பதிலேயே இருக்கிறது. மேகமில்லாத சாயங்காலங்களில் நான் சட்டியோடு போகும்போது அது எழுந்து மணி என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும். தன் மணியோடு நாலைக் கூட்டினால் முடிந்தது. கூட்டத் தெரியாதவரா அவர்? ஆனாலும் கைபேசியை எடுத்து, "உனக்கு இப்ப என்ன மணி?" என்று கேட்கிறார். அவளுக்கும் தெரியும் அவருக்குக் கூட்டத் தெரியும் என்று. எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாலும், அறையில் தூக்கத்தில் இருந்தாலும், அவள் மணியைப் பார்த்துச் சொல்கிறாள்.