மாதா படத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

இத்தாலியின் பலேர்மோவில் மூன்று வீடுகளைச் சுத்தம் செய்வது என் வேலை. ஆனால் எங்கள் சொந்த வீட்டில், மகளின் அறைச்சுவர் ஈரம் ஊறிக் கறுத்துக் கிடந்தது. வீட்டைத் திருத்த அரசாங்க உதவி கேட்டிருந்தோம். எந்தச் சுவரால் குளிரும் ஈரமும் வருகிறதென்று பார்த்து அறிக்கை எழுத எஞ்சினியர் வருவதாக இருந்தது. அறிக்கையில் வராத சுவருக்கு உதவி கிடையாது.

அது தெரிந்தும், துப்புரவுக்காரி வீட்டிலேயே பூஞ்சணமா என்று அவர் நினைப்பாரே என வெட்கப்பட்டேன். முன்னறையில் இருந்த பெரிய, இலங்கை மடுக்கோயில் மாதா படத்தைக் கழற்றி, அந்தக் கறுப்பின்மேல் மாட்டினேன்.

ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்து வந்த எஞ்சினியர், படத்தின் முன் நின்று சிலுவை அடையாளம் போட்டார்.

"மாதாவை அசைக்க வேண்டாம், சின்யோரா. இதில் ஈரம் இல்லைத்தானே?"

"இல்லை" என்றேன், வாய் கூசாமல்.

அவர் போனதும் கணவர் சொன்னார்: "பிள்ளை இருமுறதே அந்தச் சுவராலைதானே. அதைப்போய் மாதாவை வைச்சு மறைச்சுப்போட்டீரே!"

மறுநாள் எஞ்சினியருக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் திரும்பவும் வந்து அந்தச் சுவரையும் அறிக்கையில் சேர்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

இப்போது யார் வந்தாலும் அந்தச் சுவரைத்தான் முதலில் காட்டுகிறேன். மாதா பழையபடி முன்னறையில் இருக்கிறார். பொய் சொல்லக் கூசாத வாய், அவர் முன் செபம் சொல்ல இன்னும் கூசுகிறது.